வண்டி கிடைக்கும், ராத்திரி எங்க நிறுத்தறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல மோட்டார்ஹோம் டூர் பத்தி ரெண்டு பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. படமெல்லாம் கண்ணைப் பறிக்குது, சோபா என்ன, ஃபிரிட்ஜ் என்ன, மேல கட்டில் என்ன, ஆனா வண்டிய ராத்திரி எங்க நிறுத்தறது, தண்ணி எங்க பிடிக்கறது, டாய்லெட் டப்பாவை எங்க கொட்டறதுன்னு ஒரு வரி கூட இல்ல. கல்யாணப் பத்திரிகையில மண்டபம் பேரை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு. அது பத்தாதுன்னு வியாழக்கிழமை வாசகர் பகுதியில ஒருத்தர், புருஷனும் பொண்டாட்டியும் ஒயின் குடிக்கறதுக்குன்னு ஊர் ஊரா வண்டி கட்டிட்டுப் போறதெல்லாம் ஒரு சுற்றுலாவா, குடிச்சுட்டு வண்டி ஓட்டினா என்ன ஆகும், நம்ம கலாச்சாரம் என்ன ஆச்சு, காலம் கெட்டுப்போச்சுன்னு பொரிஞ்சு தள்ளியிருந்தார். நாங்க அப்படிப் போயிட்டு வந்த புருஷன் பொண்டாட்டிதான், அதனால ரெண்டுக்கும் சேர்த்தே எழுதிடறேன், நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க.

நாங்க செம்பூர்வாசிங்க, எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆயிட்டார். பையன் ஜெர்மனியில கார்ல்ஸ்ரூவே பக்கம் வேலையில இருக்கான், அவனைப் பாக்கப் போனப்போ அங்கயே ஒரு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்துட்டு ரைன் ஆத்தைத் தாண்டி பிரான்ஸ்ல அல்சாஸ்ங்கற திராட்சை ஏரியாவுக்குள்ள போனோம். அங்க ஒயின் ரோடுன்னே ஒரு ரூட்டை 1953-லயே போட்டு வச்சிருக்காங்க, வடக்க மார்லன்ஹைம்லேர்ந்து தெக்க டான்ங்கற ஊர் வரைக்கும் சுமார் 170 கிலோமீட்டர், நம்ம மும்பை-புனேவை விட கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஒரே நாள்ல ஓட்டி முடிச்சிடலாம், ஆனா மோட்டார்ஹோம்ல போறவங்க யாரும் அப்படி முடிக்கறதில்ல, அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு ஊர் வருது, ஒவ்வொரு ஊர்லயும் மர சட்டம் வச்ச பழைய வீடு, ஜன்னல் பூரா பூத்தொட்டி, கோயில் கோபுரம் மாதிரி சர்ச் உச்சியில நாரைக்கூடு, தாண்டிப் போக மனசு வரல.

ரிபோவில்லே, ரிக்வீர், எகிஷைம், கேசர்ஸ்பெர்க்னு ஊர் பேரெல்லாம் பாதி ஜெர்மன் பாதி பிரெஞ்சா இருக்கும், காரணம் என்னன்னா 1871-ல அந்த ஏரியாவை ஜெர்மனி எடுத்துக்கிச்சு, முதல் உலகப்போர் முடிஞ்சதும் பிரான்ஸ் கைக்கு வந்துச்சு, 1940-ல திரும்ப ஜெர்மனி, போர் முடியறப்போ திரும்ப பிரான்ஸ். கேசர்ஸ்பெர்க்ல 1875-ல பொறந்த ஆல்பர்ட் ஷ்வைட்சர் பொறக்கும்போது ஜெர்மன் பிரஜை, 1952-க்கான அமைதி நோபல் வாங்கும்போது பிரெஞ்சுப் பிரஜை. பிழைப்புக்கு வந்த ஊர்லயே மூணு தலைமுறை ஆயிட்ட நம்மள மாதிரி மும்பைத் தமிழர்களுக்கு இது கொஞ்சம் சுவாரசியமான விஷயம், அவங்க எங்கயும் போகல, நாடுதான் வந்து வந்து போயிருக்கு.

திராட்சை ஏன் அங்க நல்லா வருதுன்னு கேட்டா, நம்ம கம்பம் பள்ளத்தாக்கு கதைதான். மேற்க வோஜ் மலை நிக்குது, மழை மேகமெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிட்டு இந்தப் பக்கம் வெறுங்கையா வருது, கோல்மார் டவுனுக்கு வருஷத்துக்கு சுமார் 600 மில்லிமீட்டர்தான் மழை, பிரான்ஸ்லயே வறண்ட ஊர்கள்ல அது ஒண்ணு. செம்பூர்ல ஒரு ஜூலை மாசத்துலயே அதை விட அதிகமா கொட்டித் தீர்த்துடுது. இன்னொரு சௌகரியம், பிரான்ஸ்ல மத்த ஏரியாவுல பாட்டில் மேல ஊர் பேரும் தோட்டம் பேரும்தான் பெருசா இருக்கும், நமக்கு ஒண்ணும் புரியாது, அல்சாஸ்ல திராட்சை ரகத்தோட பேரையே போட்டுடறாங்க, ரீஸ்லிங், பினோ கிரி, கெவுர்ஸ்ட்ரமினர். கடைசியா சொன்னதை முகர்ந்து பார்த்தா மே மாசம் மாட்டுங்கா மார்க்கெட்டுல லிச்சிப் பழம் கொத்தா தொங்குமே அந்த வாசனை, கூட கொஞ்சம் ரோஜா. லிச்சி போட்டு செஞ்சிருக்காங்களான்னு நான் கேட்டேன், ருசி பார்க்கக் கொடுத்த அம்மா சிரிச்சுட்டு எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்கன்னு சொன்னாங்க.

இப்ப வண்டிக்கு வர்றேன். ஃபியட் டுகாட்டோ வேன் மேல கட்டின பாடி, கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம், உயரம் 3 மீட்டருக்குப் பக்கம். பிரான்ஸ்ல பார்க்கிங் வாசல்ல பாதி இடத்துல 2 மீட்டர் உயரத்துல குறுக்க ஒரு கம்பி போட்டிருப்பாங்க, சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட உள்ள போக முடியாது, வெளிய தெருவுல நிறுத்திட்டு பால் வாங்கப் போகணும். வண்டியோட மொத்த எடை 3.5 டன் தாண்டக் கூடாது, அதுல நாங்க, தண்ணி, கேஸ் சிலிண்டர், அரிசி பருப்பு, வாங்கற பாட்டில் எல்லாமே அடக்கம். ஒரு பாட்டில் ஒண்ணேகால் கிலோ வரும், அதனால இஷ்டத்துக்கு பெட்டி பெட்டியா வாங்கி அடுக்க முடியாது, அப்படியே வாங்கினாலும் இந்தியாவுக்குள்ள ஒரு ஆளுக்கு 2 லிட்டர்தான் டியூட்டி இல்லாம விடுவாங்க. ஹோட்டல் செலவே இல்லைன்னு கட்டுரையில போட்டிருந்தீங்க, அதை நம்பி யாரும் கிளம்பிட வேண்டாம், வாடகை, டீசல், இன்ஷூரன்ஸ், டெபாசிட்டுன்னு கூட்டிப் பார்த்தா சுமாரான ஹோட்டலும் சின்ன காரும் எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே கணக்குக்குத்தான் வரும். லாபம் பணத்துல இல்ல, தக்காளி ரசம் வச்சு சாப்பிட்டுட்டு திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல படுக்கலாம், அதுதான். கடுகு தாளிச்சா புகை அலாரம் அடிக்கும், ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு தாளிங்க.

கட்டுரையில இல்லாத சமாச்சாரம் இதுதான், கொஞ்சம் அசிங்கமா இருந்தாலும் சொல்லிடறேன். வண்டியில டாய்லெட்டுக்குக் கீழ ஒரு டப்பா இருக்கு, கேசட்னு சொல்றாங்க, சுமார் 20 லிட்டர் பிடிக்கும், ரெண்டு பேருக்கு ரெண்டு மூணு நாள்ல நிறைஞ்சிடும். வெளிப்பக்கமா ஒரு சின்னக் கதவைத் திறந்து அதை உருவி எடுத்து, சூட்கேஸ் மாதிரி சக்கரத்துல இழுத்துக்கிட்டே போய், அதுக்குன்னு இருக்கற தொட்டியில கவுத்து, கழுவி, மருந்து ஊத்தி திரும்பச் சொருகணும். பாத்திரம் கழுவின தண்ணி, குளிச்ச தண்ணி தனி டேங்க்ல சேரும், அதுக்குத் தரையில கம்பி ஜாலி போட்ட இடம் இருக்கு, வண்டிய அது மேல கொண்டு போய் நிறுத்தி குழாயைத் திறந்து விடணும். நல்ல தண்ணி பிடிக்க வேற பைப். இதெல்லாம் சேர்ந்து ஒரே மேடையில இருக்கற ஸ்டேஷன் அங்க பல சின்ன ஊர்லயும் உண்டு, சில இடத்துல ஒரு சில யூரோ போடணும், சில இடத்துல சும்மாவே விட்டிருக்காங்க. எங்க வீட்டுக்காரர் இங்க செம்பூர்ல குப்பை டப்பாவைக் கூட கீழ கொண்டு போய் வைக்க மாட்டார், அங்க கேசட் அவர் டிபார்ட்மென்ட்னு ஆயிடுச்சு, கிளவுஸ் மாட்டிக்கிட்டு விசில் அடிச்சுக்கிட்டே போவார்.

ராத்திரி தங்கறதுக்கு மூணு வழி இருக்கு. ஒண்ணு கேம்ப்சைட், கரெண்ட், வெந்நீர், எல்லா வசதியும் உண்டு, விசாவுக்குத் தங்கற இடம் எங்கன்னு ஆதாரம் கேக்கறதால கொஞ்ச நாளைக்கு இது வேண்டியிருந்துச்சு. ரெண்டாவது ஊராட்சி மாதிரி அந்தந்த ஊர் நிர்வாகமே மோட்டார்ஹோமுக்குன்னு ஒதுக்கற பார்க்கிங். தெருவுலயும் நிறுத்தலாம், காரை நிறுத்தற மாதிரி, ஆனா நாற்காலியை எடுத்து வெளிய போட்டு பந்தலை இழுத்து விட்டீங்கன்னா அது பார்க்கிங் இல்ல கேம்பிங், அதுக்கு வேற சட்டம். மூணாவதுதான் எங்களை அசத்தினது. பிரான்ஸ் பாசியோன்னு ஒரு ஏற்பாடு, 1993-லேர்ந்து நடக்குது. வருஷ சந்தா கட்டினா ஒரு ஸ்டிக்கரும் ஒரு கையேடும் தர்றாங்க, அதுல நாடு பூரா ரெண்டாயிரத்துக்கு மேல திராட்சைத் தோட்டக்காரங்க, பண்ணைக்காரங்க விலாசம் இருக்கு, அவங்க முற்றத்துலயோ தோட்டத்து ஓரத்துலயோ 24 மணி நேரம் வண்டிய நிறுத்திக்கலாம், வாடகை கிடையாது, ஏதாவது வாங்கியே ஆகணும்னும் கிடையாது. வண்டிக்குள்ளயே டாய்லெட் இருக்கணும், வந்ததும் வீட்டுக்காரங்களைப் பார்த்து வணக்கம் சொல்லணும், போகும்போது சொல்லிட்டுப் போகணும், அவ்வளவுதான் விதி.

எகிஷைம் பக்கத்துல அப்படி ஒரு வீட்டுல நிறுத்தினோம். செப்டம்பர் மாசம், அறுவடை நேரம், வாசல் பூரா பிளாஸ்டிக் கிரேட் அடுக்கி வச்சிருக்காங்க, கல்தரையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுது, குளவி சுத்துது. வயசான அம்மா ஒருத்தங்க ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டு ஹோஸ் பைப்பால தரையைக் கழுவிக்கிட்டே எங்களுக்கு வலது கையால இடம் காட்டறாங்க, இடது கையில பைப் ஓடிக்கிட்டே இருக்கு. நுரைக்கற கிரேமான் ஒயினுக்குக் கையாலதான் கொத்து வெட்டணும்னு சட்டம், அதுக்கு வந்த ஆட்கள் சாயங்காலம் முதுகைப் பிடிச்சுக்கிட்டு இறங்கறாங்க. ஏழு மணிக்கு மேல எல்லாம் அடங்கினதும் அந்தம்மா மகன் எங்களைக் கீழ நிலவறைக்குக் கூட்டிட்டுப் போய் ஒவ்வொண்ணா ஒரு வாய் ஊத்திக் கொடுத்தார். நான் ருசி பார்த்தேன், எங்க வீட்டுக்காரருக்கு சர்க்கரை, அவர் தண்ணியோட நிறுத்திக்கிட்டார். துப்பறதுக்குன்னே ஒரு பாத்திரம் வச்சிருக்காங்க, அவங்களே ருசி பார்த்துட்டு அதுலதான் துப்பறாங்க, யாரும் தப்பா நினைக்கறதில்ல. சும்மா தங்கிட்டு ஒண்ணும் வாங்காம போறது நம்ம பழக்கம் இல்லையே, ரெண்டு பாட்டில் வாங்கினோம், ஒண்ணு சம்பந்தி வீட்டுக்கு.

வியாழக்கிழமை கடிதம் எழுதின பெரியவருக்கு இங்கதான் பதில். குடிச்சுட்டு வண்டி ஓட்டறதைப் பத்தி அவர் கவலைப்பட்டது நியாயம், ஆனா அந்த ஏற்பாட்டையே கவனிச்சுப் பாருங்க, ருசி பார்த்த இடத்துலயே வண்டி நிக்குது, அங்கயே தூக்கம், மறுநாள் காலையிலதான் சாவி. பிரான்ஸ்ல 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தாலே கேஸ், நம்ம நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு இன்னும் கெடுபிடி, 30 மில்லிகிராம் தாண்டினா போச்சு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ ரெண்டுமோ. அப்படிப்பட்ட சட்டம் இருக்கற நாட்டுல ஒயின் தோட்டத்தை டூரிஸ்ட் ஸ்பாட்டா ஆக்கிட்டு, சாயங்காலம் கேட்டை மூடி எல்லாரையும் ரோட்டுக்கு அனுப்பறோமே, அதை விடவா நாங்க பண்ணது தப்பு? கலாச்சாரம் பத்திக் கேட்டீங்க, 35 வருஷமா ஒரே கிச்சன்ல சமைச்சவ நான், கொஞ்ச நாள் சக்கரம் வச்ச கிச்சன்ல சமைச்சேன்.

சரி, அவ்வளவு தூரம் ஏன் போகணும், நம்ம நாசிக் இருக்கேன்னு இந்த வருஷம் ஜனவரியில கிளம்பினோம். மும்பையிலேர்ந்து 170 கிலோமீட்டர்கூட இல்ல, கசாரா காட் ஏறி இகத்புரி தாண்டினா காத்தே மாறிடுது. கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 600 மீட்டர் உயரம், ராத்திரி குளிரு, பகல்ல வெயில், திராட்சைக்கு இதுதான் வேணும். அல்சாஸ்ல கொடி பனிக்காலம் பூரா தூங்கிட்டு வருஷத்துக்கு ஒரு தடவை காய்க்கும், இங்க கொடி தூங்கறதே இல்ல, அதனால ஏப்ரல்ல ஒரு வெட்டு, மழை முடிஞ்சதும் செப்டம்பர் அக்டோபர்ல இன்னொரு வெட்டுன்னு ரெண்டு தடவை கவாத்து பண்ணி, காய்ப்பைக் குளிர்காலத்துக்குத் தள்ளிடறாங்க, ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் அறுவடை. 1999-ல ஆரம்பிச்ச சுலா ஒயின் கம்பெனி, அதுக்கப்புறம் 2001-ல மாநில அரசு கொண்டு வந்த திராட்சை பதப்படுத்தும் தொழில் கொள்கைன்னு கிடுகிடுன்னு வளர்ந்த ஊர். அதைப் பார்க்கும்போது நிஜமாவே பெருமையா இருந்துச்சு, பிம்பள்காவ் பக்கம் ரோட்டோரத்துல கிலோ கணக்குல வாங்கின விதையில்லாத திராட்சைக்கு அல்சாஸ்ல நாங்க தின்ன எதுவும் ஈடு இல்ல.

வண்டி மும்பையிலயே டிரைவரோட வாடகைக்குக் கிடைச்சுது, நல்ல வண்டி, குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ராத்திரிதான் பிரச்சனை. ஒரு ரிசார்ட்ல ரூம் எடுத்தா வண்டி நிக்கலாம், ரூம் எடுக்காம வண்டியில படுக்கறதுன்னா வெளிய போங்கன்னாங்க. ஒரு ஒயினரி வாசல்ல செக்யூரிட்டி பாவம் நல்ல மனுஷன், சாப், மூடற நேரத்துக்கு மேல ஒரு வண்டி கூட உள்ள நிக்கக் கூடாதுன்னு ஆர்டர்னு கையைப் பிசையறார். கடைசியில ஹைவேல ஒரு பெட்ரோல் பம்ப்ல, ரெண்டு வெங்காய லாரிக்கு நடுவுல தூங்கினோம், தூங்கினோம்னு சொல்றது மரியாதைக்கு. மறுநாள் கேசட் நிறைஞ்சிடுச்சு. டிரைவர் தம்பி சாதாரணமா, ஆன்ட்டி, முன்னாடி ஒரு நாலா (ஓடை) வருது, அதுல ஊத்திடட்டுமான்னு கேட்டான். அந்த நாலா எங்க போகுது, கோதாவரிக்குத்தானே, மேல திரியம்பகேஷ்வர்ல உற்பத்தியாகற இடத்துல பூ போட்டு கும்பிட்டுட்டு வந்த கையோட கீழ இதைக் கொட்டறதா? நாசிக் ஊர் குடிக்கற தண்ணி பெரும்பாலும் கங்காபூர் அணையிலேர்ந்து வருது, அந்த அணைக் கரையைச் சுத்தித்தான் பாதி டூரிஸ்ட் கூட்டமும். வேண்டாம்னு சொல்லி, நிறைஞ்ச கேசட்டை அப்படியே செம்பூர் வரைக்கும் கொண்டு வந்து, எங்க சொசைட்டி லிஃப்ட்ல நாலாவது மாடிக்கு ஏத்தி எங்க பாத்ரூம்லயே கொட்டினோம். வாட்ச்மேன் புது சூட்கேஸான்னு கேட்டார்.

மகாராஷ்டிரா அரசு 2021-லயே கேரவன் சுற்றுலாவுக்குன்னு தனிக் கொள்கை அறிவிச்சிருக்கு, காகிதத்துல எல்லாம் இருக்கு. நான் கேக்கறது பெரிய கேரவன் பார்க் இல்ல, நீச்சல் குளம் இல்ல. மேடு பள்ளம் இல்லாம நாலு வண்டி நிக்கற இடம், ஒரு குழாய், செப்டிக் டேங்குக்குப் போற ஒரு மூடி வச்ச தொட்டி, ராத்திரி ஒரு லைட். இது ஒயினரிங்கதான் பண்ணணும்னு கூட இல்ல, நாசிக் திராட்சை விவசாயிங்க நல்ல விலை கிடைக்காத வருஷம் படற பாடு நமக்குத் தெரியும், தோட்டத்து ஓரமா நாலு வண்டிக்கு இடம் விட்டு வாசல்லயே கிஸ்மிஸும் திராட்சையும் வித்தா நடுவுல தரகரே வேண்டாம். இப்ப 2027 கும்பமேளாவுக்கு நாசிக்லயும் திரியம்பக்லயும் பார்க்கிங், கழிவுநீர், தண்ணீர்னு வேலை நடக்குது. மேளா முடிஞ்சதும் அதுல ஒரே ஒரு பார்க்கிங்கோட ஒரு மூலையை, தண்ணிக் குழாயையும் கழிவுத் தொட்டியையும் பிடுங்காம அப்படியே விட்டுட்டா போதும், புதுசா ஒரு பைசா செலவு பண்ண வேண்டாம். உங்க மும்பை நிருபர் யாராவது சுற்றுலாத் துறையில இதை நேரடியாக் கேட்டு என்ன பதில் வருதுன்னு போட்டா நல்லாருக்கும்.

இன்னொண்ணு, கட்டுரையில மோட்டார்ஹோம் ஓட்ட ஹெவி வெஹிக்கிள் லைசென்ஸ் வேணும்னு போட்டிருக்கீங்க, அது தப்பு. அங்க 3.5 டன் வரைக்கும் சாதாரண கார் லைசென்ஸே போதும், கூட நம்ம ஆர்டிஓவுல இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கிக்கணும், அது ஒரு வருஷம் செல்லும். ஞாயித்துக்கிழமைக்குள்ள திருத்தம் போட்டுடுங்க, எங்க பில்டிங்ல ஒரு ஜோடி மே மாசத்துக்கு டிக்கெட் போட்டு வச்சுட்டு உங்க கட்டுரையைப் படிச்சதுலேர்ந்து கேன்சல் பண்ணலாமான்னு தினம் வந்து என்னைக் கேக்கறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை